ஒன்பதாம் முத்திரை

மூன்றாம் லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோழிக்கொட்டகை இருந்தது.

தெட்சுரோ கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். அதில் கம்பியும் கம்பியில் தொங்கும் நாற்காலிகளும் வரைந்து, பக்கத்தில் '3' என்று தெளிவாகப் போட்டிருந்தது. கொட்டகைக்குள்ளிருந்த சேவல் அவரை ஒரு மாதிரி பார்த்தது.

"ஏங்க, புத்தகம் வந்து முப்பத்தேழு வருஷம் ஆச்சு. லிஃப்டைக் கழட்டிட்டாங்க போலிருக்கு" என்றாள் மிசாவோ.

"கழட்டினா, கழட்டிட்டோம்னு ஒரு திருத்தம் போட வேண்டாமா?"

"யாரு, அந்தச் சேவலா போடும்?"

தெட்சுரோ புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தார். நகோயாவில் ரயில் கால அட்டவணை அச்சடிக்கும் அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர் அவர். அச்சுக்குப் போகும் முன் எதையும் நம்ப மாட்டார். அச்சாகி வந்துவிட்டால் எதையும் சந்தேகப்பட மாட்டார். இப்படி ஒரு மனிதரிடம் 'கொயாசாவா பனிச்சறுக்குப் பாதைகள்: ஊர்க்காரர் கையேடு' என்ற முப்பது பக்கப் புத்தகம் மாட்டினால் அது வேதவாக்கு இல்லாமல் வேறென்ன?

கொயாசாவா ஊர் இளைஞர் சங்கம் கையால் எழுதி, வரைந்து, அச்சடித்த புத்தகம் அது. மலையில் ஒன்பது சறுக்குப் பாதைகள். பாதைக்கு ஒரு பக்கம். பக்கத்தின் மூலையில் ஒரு கட்டம். பாதை முடியும் இடத்துக் குடிலில் கேட்டால் அந்தக் கட்டத்தில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். தெட்சுரோவின் புத்தகத்தில் எட்டுக் கட்டங்களில் ஊதா மை மங்கிப்போய்க் கிடந்தது. ஒன்பதாம் பாதையான காக்கைச் சரிவின் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

அது காலியாக இருந்ததற்குக் காரணம் மிசாவோ.

புத்தகம் வந்த வருடம் பிப்ரவரியில், இருபத்தாறு வயது தெட்சுரோ ஒன்பதாம் பாதையைத் தேடிப் போய், மூடுபனியில் வழி தவறி ஒரு பள்ளத்தில் விழுந்தார். அங்கே சிவப்பு உடுப்பில் ஒரு பெண், ஒரு காலில் சறுக்குப் பலகை இல்லாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த விளக்கைக் குறிவைத்து நடந்து ஒரு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் இருவரும் ஒரே ரயிலில் நகோயா வந்து சேர்ந்தார்கள். ஆறு மாதத்தில் கல்யாணம். கல்யாணத்தன்று அவர் ஒரு வாக்குக் கொடுத்தார். ஒருநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஒன்பதாவது முத்திரையையும் குத்திவிடுவது என்று.

பிறகு குழந்தைகள் வந்தார்கள், வீட்டுக் கடன் வந்தது, முழங்கால் வலி வந்தது. பனிமலைக்குப் போக மட்டும் நேரம் வரவில்லை. ஆனால் பள்ளத்துக் கதையை அவர் சொல்லாத விருந்து கிடையாது. முதல் வருடம் வெறும் மூடுபனியாக இருந்தது பத்தாவது வருடம் பனிப்புயலாயிற்று. மூத்த மகள் கல்யாணத்தில் சொன்னபோது கரடியின் காலடித் தடமும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் மிசாவோ பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா, இவர் மட்டும் அன்னிக்கு வரலேன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ" என்று தலையாட்டுவாள்.

போன வாரம் செய்தித்தாளில் நாலு வரிச் செய்தி. பனியும் குறைந்துபோய், வருகிறவர்களும் குறைந்துபோய், கொயாசாவா மலையை இந்த ஞாயிற்றுக்கிழமையோடு நிரந்தரமாக மூடுகிறார்கள். கடைசி லிஃப்ட் மாலை மூன்றரைக்கு. தெட்சுரோ அன்றைக்கே பரணில் ஏறி மஞ்சள் உடுப்பை இறக்கினார். அதன் ஜிப் நெஞ்சுக்கு மேல் ஏற மறுத்தது. பரவாயில்லை என்று வந்துவிட்டார்.

இப்போது மணி பன்னிரண்டு.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. முதல்ல சூடாக் கறிச்சோறு சாப்பிடலாம்" என்றாள் மிசாவோ. பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவள் முகமூடியைக் கழற்றவில்லை. தொப்பியையும் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தாள்.

"சாப்பாடு அப்புறம். அதென்ன முகமூடி?"

"மகரந்தம் ஒத்துக்கல."

"உனக்கு எப்பலேர்ந்து?"

"இன்னிக்குக் காலைலேர்ந்து."

தெட்சுரோ பதினாலாம் பக்கத்தைப் புரட்டினார். "மூணாவது லிஃப்ட் இல்லேன்னா என்ன? ரெண்டாவதுல ஏறி, உச்சியிலேர்ந்து இடது கைப்பக்கம் குறுக்கே போனா காக்கைச் சரிவு. படத்துல அம்புக்குறியே போட்டிருக்கு."

ஏழு லிஃப்டுகளில் இப்போது இரண்டுதான் மிச்சம். இரண்டாவதின் வாசலில் நின்ற பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம்.

"ஒன்பதாவது பாதையா? நாங்க திறந்து வெச்சிருக்கறதே நாலுதான் ஐயா."

"அந்தக் காலத்துல ஒன்பது இருந்தது."

"அந்தக் காலத்துல நான் இல்லையே. போன்ல வரைபடம் காட்டட்டுமா?"

"போன்ல இருக்கறதுக்கு யாரும்மா பொறுப்பு? புத்தகம்னா கடைசிப் பக்கத்துல அடிச்சவன் பேராவது இருக்கும்."

அந்தப் பெண் குனிந்து வணங்கி வழிவிட்டாள். மிசாவோ அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் பாவனையில் கண்ணைச் சுருக்கினாள்.

வாடகைப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு இருவரும் உட்கார்ந்ததும் நாற்காலி மேலே ஏறியது. முன்னால் ஆளில்லை, பின்னால் ஆளில்லை. அந்த நாளில் இதே இடத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறார் தெட்சுரோ. கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டிக் காதல் பாட்டாகப் போடுவார்கள். மலை முழுக்க மஞ்சளும் ரோஜா நிறமும் பச்சையுமாக உடுப்புகள். ரயிலில் இடமில்லாமல் நடைபாதையில் படுத்துத் தூங்கி வந்தவர்களெல்லாம் விடிந்ததும் பலகையைக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். யாருக்கும் கால் வலித்ததாக அவருக்கு நினைவில்லை. இப்போது கேட்பது சக்கரத்தின் கிறீச் சத்தம் மட்டும்தான்.

"இந்த நாற்காலியெல்லாம் நாளைக்கு என்ன ஆகும்?"

"பழைய இரும்புக்குப் போகும்."

"என்ன இப்படிப் பட்டுனு சொல்லிட்டே?"

மிசாவோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் ஓரம் ஈரமாக இருந்தது. "மகரந்தம்" என்றாள்.

உச்சியில் இறங்கியதும் தெட்சுரோ வாய்விட்டுப் படித்தார். "'கவட்டை போலப் பிரிந்த பெரிய மரத்திலிருந்து இடப்புறம் திரும்பவும்.' பார்த்தியா, எவ்வளவு சுருக்கம்! படத்தைப் பாரு, என்ன நுணுக்கம்!"

"மரமெல்லாம் முள்ளங்கியைத் தலைகீழா நட்ட மாதிரி இருக்கு."

"உனக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"அதுவும் சரிதான்" என்றாள் அவள்.

சிக்கல் என்னவென்றால், முப்பத்தேழு வருடத்தில் மரங்களும் சும்மா இருக்கவில்லை. உச்சியில் கவட்டை போலப் பிரிந்த மரங்கள் மூன்று நின்றன. தெட்சுரோ மூன்றையும் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, நடுவிலிருந்ததைத் தேர்ந்தெடுத்தார்.

"அந்தப் பக்கம் வேண்டாங்க. அது பள்ளிக்கூடப் பசங்க சறுக்கற பக்கம்."

"உனக்கெப்படித் தெரியும்?"

மிசாவோ ஒரு கணம் தயங்கினாள். "சத்தம் கேக்குது" என்றாள்.

"அதெல்லாம் காத்துச் சத்தம்" என்று சொல்லிவிட்டுத் தெட்சுரோ கிளம்பினார்.

காற்றுச் சத்தம் இல்லை. மரக்கூட்டத்தைத் தாண்டி வளைந்ததும் இரண்டு பக்கமும் கொடி கட்டிய ஒரு சரிவு. நிறுத்தலாம் என்று நினைத்தார். முழங்காலும் அதே சமயத்தில் வேறு ஏதோ நினைத்தது. ஊர்த் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் பிரியாவிடைப் பந்தயத்துக்கு நட்ட நடுவில், மஞ்சள் உடுப்பின் ஜிப் திறந்து படபடக்க, தெட்சுரோ இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இடப்பக்கம் ஒரு எட்டு வயதுச் சிறுமி வந்து, திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாண்டிப் போனாள்.

"இதோ வர்றாரு! மஞ்சள் சட்டை!" என்று ஒலிபெருக்கியில் ஒரு முதியவர் குரல் குதூகலித்தது. "எந்த வகுப்புன்னு தெரியல! ஆனா மூணாவது இடம்!"

முடிவுக் கயிறு தெட்சுரோவின் வயிற்றில் சிக்கி அறுந்தது. கூட்டம் கைதட்டியது.

அத்தோடு போயிருந்தால் அவமானம் அளவோடு முடிந்திருக்கும். ஆனால் தப்புச் செய்தவர் குனிந்து மன்னிப்புக் கேட்காமல் போவதா? பலகைகள் காலில் இருக்கின்றன என்பதை மறந்து, தெட்சுரோ இடுப்பு வரை குனிந்தார். பலகைகள் பின்பக்கமாக நழுவின. குனிந்த தலை குனிந்தபடியே, "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, அவர் பின்னோக்கிப் போய்க் கூடாரத்தில் இருந்த பெரிய முரசின் மேல் உட்கார்ந்தார். அது ஒருமுறை முழங்கி ஓய்ந்தது.

ஒலிபெருக்கி முதியவர் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கினார். எண்பதைத் தாண்டியவர், பல்லெல்லாம் சிரிப்பு. ஊரில் கென்பெய் ஐயா என்றால் தெரியாதவர் கிடையாது என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள்.

"அடிபட்டுச்சா?"

"இல்ல. மன்னிக்கணும்" என்று தெட்சுரோ மறுபடியும் குனியப் பார்த்தார்.

"வேண்டாம், வேண்டாம்! குனியாதீங்க!" என்று நாலு பேர் கத்திக்கொண்டு அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் பரிசாக ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள். வாங்க மறுத்தால் மரியாதைக் குறைவு. வாங்கினால் நாலாவதாக வந்த குழந்தை முறைக்கிறது. தெட்சுரோ பழத்தை அந்தக் குழந்தையிடமே நீட்டினார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நான் அடுத்த தடவை ஜெயிச்சுக்கறேன்" என்றது அது. அடுத்த தடவை இல்லை என்பது அங்கிருந்த பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். யாரோ அதன் தொப்பியைச் சரிசெய்துவிட்டார்.

மிசாவோ கீழே வரவே இல்லை. நூறு கஜத்துக்கு மேலே ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். கென்பெய் ஐயா ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போனபிறகுதான் இறங்கி வந்தாள்.

"புருஷன் முரசு மேல உக்காந்திருக்கேன், நீ வேடிக்கை பாக்கறே."

"கூட்டமா இருந்தது. எனக்குக் கூச்சம்."

"உனக்கா?"

"போதுங்க. மணி ரெண்டாகுது. பழம் கிடைச்சுது, பரிசு கிடைச்சுது. போய்க் கறிச்சோறு சாப்பிட்டுட்டு பஸ் ஏறலாம்."

"மூன்றரை வரைக்கும் லிஃப்ட் ஓடுது" என்றார் தெட்சுரோ. அந்தக் குரலுக்கு மேல் எதுவும் பேச முடியாது என்று மிசாவோவுக்கு முப்பத்தேழு வருட அனுபவம்.

இரண்டாம் முறை ஏறினார்கள். இந்தத் தடவை வலது மரம். அது அவர்களைப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. கோழிக்கொட்டகைக்குப் பின்பக்கம். சேவல் இந்த முறை சத்தமாகவே கூவியது.

மூன்றாம் முறை ஏறும்போது மணி இரண்டே முக்கால். இடது மரம்தான் பாக்கி. மிசாவோ அதைப் பார்த்துவிட்டு, "முழங்கால் வலிக்குதுங்க" என்றாள்.

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"வலிக்கத்தான் செய்யுது" என்று ஒப்புக்கொண்டு தெட்சுரோ இடது மரத்தின் பக்கம் திரும்பினார். புத்தகத்தின் அம்புக்குறியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் போனார். அம்பு வளைந்த இடத்தில் வளைந்தார். அம்பு நேராகப் போன இடத்தில் நேராகப் போனார். திடீரென்று காலுக்குக் கீழே மலை இல்லை.

பொத்தென்று விழுந்தார். ஆரஞ்சுப் பழங்கள் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் விழுந்தன.

மிசாவோ பக்கவாட்டில் அழகாக இரண்டு வளைவு போட்டு இறங்கி அவர் அருகில் நின்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தாற்போல் தடுமாறி உட்கார்ந்தாள்.

"படம் வரைஞ்சவன் ஒரு மடையன்!" என்றார் தெட்சுரோ, எழுந்து நின்று பனியைத் துப்பிக்கொண்டு. "நாப்பது வருஷத்துல இப்படி ஒரு பிழையை நான் பார்த்ததில்ல. வழின்னு போட்டிருக்கான், பள்ளம் இருக்கு! கண்ணு பொட்டையா அவனுக்கு?"

"கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க. பாவம், என்ன அவசரத்துல வரைஞ்சாங்களோ."

"நீ எதுக்கு அவனுக்குப் பரிஞ்சுக்கறே?" என்று திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

சுற்றிலும் மேடு. ஒரு பக்கம் மட்டும் கீழே இறங்கும் வாய். மேட்டின் மேல் சாய்ந்த ஒரு பாறை.

"மிசாவோ. இது அந்தப் பள்ளம்."

"எந்தப் பள்ளம்?" என்றாள் அவள், பனியைத் தட்டிக்கொண்டே.

"நம்ம பள்ளம்! இதோ, இந்தப் பாறை! இங்கதான் நீ உக்காந்திருந்தே. சிவப்பு உடுப்பு. மூக்கும் சிவந்திருந்தது."

"இருக்கலாம்."

தெட்சுரோ அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை அவளிடம் கொடுத்தார். அவள் முகமூடியைக் கொஞ்சம் கீழே இழுத்துச் சாப்பிட்டாள். மேலே மரங்களிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நாளில் இவ்வளவு சீக்கிரம் உருகாது. ஏப்ரல் கடைசி வரைக்கும் ஆள் உயரத்துக்குக் கிடக்கும்.

"நீங்க என்னை இங்கேர்ந்து கூட்டிட்டுப் போனீங்க. அது போதும் எனக்கு. அந்த முத்திரை எதுக்குங்க?"

தெட்சுரோ ஆரஞ்சுத் தோலைப் பையில் போட்டார்.

"உனக்கு நான் எத்தனையோ சொல்லியிருக்கேன். தோட்டத்தோட வீடுன்னேன். கிடைச்சது நாலாவது மாடி. ஹவாய்க்குப் போலாம்னேன். அந்த வருஷம் அட்டவணையில வேலை மாட்டிக்கிச்சு. எதையும் நான் செய்யல. இது ஒண்ணுதான் பணமில்லாம செய்யக்கூடிய வாக்கு. ஒரு முத்திரை. இதைக்கூட முப்பத்தேழு வருஷம் தள்ளிப்போட்டேன். இன்னிக்கு விட்டா இனிமே மலையே இல்ல."

மிசாவோ அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி ஒன்பதாம் பாதையின் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். புத்தகத்தை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

கீழே மலையடிவாரத்து ஒலிபெருக்கியில் விடைபெறும் பாட்டு ஒலிக்க ஆரம்பித்தது. மூன்றரை. சக்கரத்தின் கிறீச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெட்சுரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மகரந்தத்தின் மேல் பழி போடவில்லை.

"அதோ, அந்தப் பக்கம் புகை தெரியுது பாருங்க. அப்படியே இறங்கினா ஊர் வந்துடும்" என்றாள் மிசாவோ.

"அன்னிக்கும் அந்தப் பக்கம்தான் விளக்கு தெரிஞ்சுது. நான்தான் முதல்ல பார்த்தேன்."

"ஆமா. நீங்கதான் பார்த்தீங்க."

கைத்தாங்கலாக இறங்கினார்கள். யார் யாரைத் தாங்கினார்கள் என்பது விவாதத்துக்குரியது.

அன்றைக்கு விடுதி இருந்த இடத்தில் இப்போது கார்கள் நின்றன. நடுவில் ஒரு பெரிய பாத்திரத்தில் சிவப்புப் பயறு இனிப்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கடைசி நாள் விருந்து. கரண்டியோடு நின்றவர் கென்பெய் ஐயா. பக்கத்து மேசையில் மலையின் பழைய சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள்: கயிறு, மணி, லிஃப்ட் எண் பலகைகள், ஒரு மரப்பெட்டி நிறைய முத்திரைகள்.

தெட்சுரோவின் முகம் மலர்ந்தது. "மிசாவோ! முத்திரை!"

"வேண்டாங்க. நான் பஸ்ல இடம் பிடிக்கறேன்" என்று அவள் நகரப் பார்த்தாள். தெட்சுரோ அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே மேசைக்குப் போனார்.

"மூணாவது இடம்!" என்று கென்பெய் ஐயா வரவேற்றார். "முரசு பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்க. கஞ்சி குடிங்க."

"கஞ்சி அப்புறம். எனக்கு ஒன்பதாவது முத்திரை வேணும். காக்கைச் சரிவு."

தெட்சுரோ பெட்டியைக் கிளறினார். எண்ணினார். எட்டு. மறுபடி எண்ணினார். பிழைதிருத்துபவர் எண்ணினால் தப்பாது. எட்டுதான் இருந்தன.

"ஒண்ணு தொலைஞ்சிருக்கு" என்றார். "கீழே எங்காவது விழுந்திருக்கும், தயவுபண்ணித் தேடிப் பாருங்க. பாதையிலதான் இறங்க முடியல, முத்திரையாவது குத்திக்கறேன். இதோ நிக்கறாளே, இவகிட்ட கல்யாணத்தன்னிக்குக் கொடுத்த வாக்கு."

கென்பெய் ஐயா கரண்டியைக் கீழே வைத்தார். புத்தகத்தை வாங்கி ஒன்பதாம் பாதையின் பக்கத்தைப் பார்த்தார். முள்ளங்கி மரங்களையும் வளைந்து போன அம்பையும் விரலால் தடவினார். பிறகு மெல்ல நிமிர்ந்து, தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவே தெரிந்த இரண்டு கண்களை உற்றுப் பார்த்தார். அவர் முகம் முழுவதும் சிரிப்பாயிற்று.

"அடடே, மிசாவோ! இல்லாத ஒன்பதாம் பாதையை நீயே இட்டுக்கட்டி வரைஞ்சு, அதை நம்பிப் பள்ளத்துல விழுந்த நாப்பது பேர் முன்னாடி உக்காந்து அழுது, ஒவ்வொருத்தரா நம்ம விடுதிக்கு விருந்தாளியாக் கூட்டிட்டு வந்தியே, நாப்பத்தோராவது ஆளைக் கூட்டிட்டு வந்த மறுநாளே சொல்லாம கொள்ளாம அவரோட ரயிலேறிப் போயிட்டியே, அந்த ஆள் இவர்தானா?"